பதினைந்து முழ வீடு

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஸ்காட்லாந்தில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அம்பத்தூர் கள்ளிக்குப்பத்திலிருந்து அவ்வளவு தூரம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஓர் உதவித்தொகை.

பனி விடாமல் பெய்த ஒரு வாரத்தில் எங்கள் ஆசிரியை ஒரு பயிற்சி கொடுத்தார். வளர்ந்த வீட்டை நினைவிலிருந்து அளவோடு வரைய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டேன். அறையைச் சூடாக்கும் குழாயின் முனகல், ஆவடி போகும் மின்சார ரயிலாக மாறியது. செருப்பை வாசலில் விட்டு உள்ளே போனேன். இடப்பக்கம் தண்ணீர்க் குடங்கள். வலப்பக்கம் சுருட்டிய பாய்கள். அம்மா ஸ்டேஷன் வாசலில் விற்கும் மல்லிகை, ஈரச் சாக்குக்குள். பின்சுவர் வரை பதினான்கு எட்டு வைத்தேன். கனவுக்குள் நடப்பதுபோல எண்ணி எண்ணி வரைந்தேன்.

ஒரே அறையில் ஆறு பேர் என்று சொன்னாயே, இது நடன அரங்கம் மாதிரி இருக்கிறதே என்றார் ஆசிரியை. அப்போதுதான் உறைத்தது. நான் எண்ணியது ஐந்து வயதுக் காலின் எட்டுகளை. படத்தில் போட்டதோ இப்போதைய எட்டின் நீளத்தை. திங்கட்கிழமைக்குள் சரியான அளவு வராவிட்டால் தேர்ச்சி இல்லை. தேர்ச்சி இல்லையென்றால் உதவித்தொகை நின்றுவிடும், ஊர் திரும்ப வேண்டியதுதான்.

எங்கள் தெருமுனை டெலிபோன் பூத்துக்குப் போன் போட்டு அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன்.

"ஊட்ட இன்னாத்துக்குடா அளக்கணும்? விக்கப் போறியா?"

"பரீட்சைக்கும்மா."

"நம்ம ஊட்டப் பத்தி பரீட்சையா? அதுக்கு ஏரோப்ளேன் ஏறிப் போவணுமா?"

பூத்துக்கார அக்கா பின்னால் சிரிப்பது கேட்டது. வீட்டில் டேப் ஏது? முழம் போட்டுச் சொல்வதாக அம்மா சொன்னாள். மறுநாள் கூப்பிட்டேன்.

"நீட்டுக்குப் பதினஞ்சு மொழம், அகலத்துக்கு ஏழு."

அம்மாவின் முழம் சின்னது என்று ஸ்டேஷனில் சண்டை போடாத வாடிக்கையாளர் கிடையாது. விளையாட்டாகக் கேட்டேன், "யாவாரத்து மொழமாம்மா?"

"உனக்குப் போயி கொறைச்சு அளப்பனா நானு? போனை வை."

முழத்துக்கு ஒன்றரை அடி என்று கணக்குப் போட்டேன். இருபத்திரண்டரை அடி. முதல் படத்திலிருந்த வீடு வெகுவாகச் சுருங்கிப் போயிருந்தது. மற்றவர்களின் படங்களில் மாடிப்படியும் தோட்டமும் இருந்தன. என்னுடையதை அவற்றின் பக்கத்தில் மாட்டும்போது கை கூசியது. அளவு எப்படிக் கிடைத்தது என்று ஆசிரியை கேட்டார். சொன்னேன். படத்தின் மூலையில் அடிக்கணக்கு எழுதும் இடத்தில் 'அம்மாவின் முழம்' என்று எழுதச் சொன்னார். தேறிவிட்டேன்.

படிப்பு முடிந்து வீடு திரும்பிய மறுநாளே டேப்பை எடுத்தேன். ஒரு முனையை அம்மா பின்சுவரில் பிடித்துக்கொண்டாள். பதினெட்டடிதான் வந்தது. மறுபடி அளந்தேன். அதேதான். முழம் போட்டுக் காட்டச் சொன்னேன். அம்மா தரையில் உட்கார்ந்து, பூச்சரம் அளப்பதுபோலவே கையை வைத்து வைத்து நகர்ந்தாள். ஒவ்வொரு முறையும் விரல்கள் பாதியில் தாமாக மடங்கின. இருபது வருடப் பழக்கம், அவளுக்கே தெரியவில்லை.

"பாத்துக்கோ, பதினஞ்சு. சொன்னேன்ல?"

ஆமாம் என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டேன்.

நான் சின்னக் காலால் அளந்தேன், அம்மா மடங்கிய விரலால் அளந்தாள். இரண்டு கணக்கிலும் வீடு பெரிதாகத்தான் வந்தது. இன்று பிறருக்கு வீடு வரையும்போது டேப்பைத்தான் நம்புகிறேன் என்றாலும், ஆறு பேர் படுத்த அந்தப் பதினெட்டடியில் ஒருநாளும் எனக்கு இடம் போதாமல் போனதில்லை என்பதை எந்த அளவில் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.