உப்பு வண்டியின் முன் சக்கரம்

எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு வாரம் எழுதி, எல்லோரும் படிக்கும் நோட்டில் இந்த வாரம் எழுதுவது என் முறை. அப்பா தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

இன்று மாலை பஸ்ஸைத் தவறவிட்டு, நாங்கள் நான்கு பேர் செல்லையா அண்ணாச்சியின் மூன்று சக்கர உப்பு வண்டியை நிறுத்தினோம். மூட்டைகளுக்குப் பின்னால், கடைசிப் பலகையில் ஏறிக்கொண்டோம்.

"ஏளா, ரெண்டு பேரு முன்னால வாங்க. இன்ஜின் முன் சக்கரத்து மேல இருக்கு. அந்தப் பாரம் அமுத்துனாத்தான் வண்டி திரும்பும். எல்லாரும் பின்னால தொங்குனா முன்பக்கம் தூக்கிரும்" என்றார்.

"முன்னால ஒரே சூடு அண்ணாச்சி. உங்க இன்ஜின் மேல தோசை சுடலாம்" என்றேன் நான்.

அவரும் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

உப்பளத்து வளைவில் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. அவர் ஹேண்டிலை ஒடித்தும் வண்டி திரும்பாமல் நேரே பாத்திக்குள் இறங்கிச் சாய்ந்தது. நாங்கள் சேற்றில் விழுந்ததோடு சரி. அவருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது.

"ஆளு வாரதுக்குள்ள ஓடிருங்க. வீட்டுல தெரிஞ்சா படிப்பை நிறுத்திருவாவ" என்றார்.

ஓடிப்போய் உப்புக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்தோம். வண்டி முதலாளி வந்து, "குடிச்சிட்டு ஓட்டுனியாலே? நாளையிலருந்து வேலைக்கு வராண்டாம்" என்று கத்தினார். அண்ணாச்சி எங்களைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

நாளை பள்ளி விட்டதும் முதலாளியிடம் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. பலகையில் இடம் பிடிக்க என்னை இடித்துத் தள்ளிய மூவரில் யார் வருகிறீர்கள்? கீழே பெயர் எழுதுங்கள்.