அத்தையும் நானும் ஸ்கேனுக்குப் போனது

அத்தை பிழைத்துக்கொண்டாள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்குக் குடலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது எனக்கு எட்டு வயது.

அப்பாவின் தங்கை அவள். கல்யாணம் செய்துகொள்ளாமல் கல்மண்டபம் பகுதியில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் லாரிகளுக்கு கேட் பாஸ் போடும் வேலை. லாரிகள் வரிசை கட்டி நின்றால் எழுந்திருக்க முடியாது. அதனால் மதியம் கப் நூடுல்ஸ், நடுநடுவே சிப்ஸும் கூல்டிரிங்க்ஸும். அம்மா விடிவதற்குள் காசிமேட்டுக்கு மீன் விற்கப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவாள். சாயங்காலம் எனக்குச் சாப்பாடு கொடுப்பது அத்தைதான். வரும்போதே சாசேஜ் பாக்கெட் வாங்கி வந்து, வதக்கி, இரண்டு பேரும் ஒரே தட்டில் தின்போம். நல்ல மீனெல்லாம் அடுத்தவர் வீட்டுக்குப் போன அந்த வீட்டில், என்னைப்போல் சந்தோஷமான பிள்ளை கிடையாது.

ஆபரேஷனுக்கு முன் டாக்டர் அவளுடைய சாப்பாட்டைப் பற்றி விசாரித்திருக்கிறார். "இதனாலதான் வந்துச்சுன்னு உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா சாசேஜ், பாக்கெட் ஐட்டம்னு வருஷக்கணக்கா தினமும் சாப்பிட்டா இந்த நோய் வர்ற வாய்ப்பு கூடத்தான் செய்யும்" என்றாராம்.

இதை அம்மாவிடம் சொன்ன அத்தை தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "கொழந்தைக்கும் அதத்தானே அண்ணி குட்த்தேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நான்காம் நாள், ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அலமாரியில் மிச்சமிருந்த பாக்கெட்டுகளை வாரிக் குப்பையில் போட்டாள். நான் தரையில் புரண்டு அழுதேன். அவள் என்னை இழுத்து, என் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள்.

"இங்க எங்கனா நோவுதா கண்ணு?"

நோகவில்லை. இருந்த கோபத்தில், "நோவுது. டெய்லி நோவுது" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. தையல் பிரிக்காத வயிற்றோடு என்னை ஆட்டோவில் ஏற்றினாள். "சீக்கிரம் போ நைனா, கொழந்தைக்கு முடியல" என்று டிரைவரிடம் கெஞ்சினாள். ஆட்டோ பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டாள். எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது. உண்மையைச் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்த அதே டாக்டர்தான் என் வயிற்றை அழுத்திப் பார்த்தார். அவள் விடாததால் ஸ்கேனும் எழுதிக் கொடுத்தார். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே, "கொழந்தைக்கு ஒண்ணுமே இல்ல. இனிமே வீட்டுச் சாப்பாடா குடுங்க, போதும்" என்றார்.

வெளியே வந்ததும் அத்தை பெஞ்சில் உட்கார்ந்து, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பொய் பிடிபட்டுவிட்டது, அதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"இனிமே பொய் சொல்லமாட்டேன் அத்தை" என்றேன்.

அவள் காதில் அது விழவேயில்லை. "ஒண்ணும் இல்லியாம்... ஒண்ணும் இல்லியாம்" என்று என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் அழுதால் என்னை மன்னிப்பாளோ என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன்.