பதினோரு வீட்டுப் பென் டிரைவ்

என் அக்கா வாழ்க்கையில் ஒரு தடவைகூடத் தப்பு செய்ததில்லை. அவளைக் கேட்டால் அப்படித்தான் சொல்வாள். பால் பொங்கி வழிந்தால் அடுப்பு சரியில்லை. பஸ்ஸைத் தவறவிட்டால் டிரைவருக்கு என்ன அப்படி ஒரு அவசரம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாகியும் அத்தான் ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிறார் என்றால் அது அவர் அம்மா வளர்த்த லட்சணம். இப்பேர்ப்பட்டவளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்த பாவி நான்தான். வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்வது என் பிழைப்பு என்பதால், அந்தப் பாவத்துக்குப் பரிகாரமும் நானே செய்துகொண்டிருக்கிறேன்.

அக்கா எம்பிராய்டரி போடுகிறவள். முன்னறையில் பாதியை மிஷின் பிடித்துக்கொண்டிருக்கும், மீதியை நூல்கண்டுகள். பள்ளிச் சட்டைக்கு முத்திரை, ஓட்டல் ஆட்களுக்குப் பாக்கெட் மேல் பெயர், குழந்தை கவுனுக்குப் பூ என்று எது வந்தாலும் போடுவாள். கம்ப்யூட்டரில் இருக்கும் டிசைனைப் பென் டிரைவில் ஏற்றி மிஷினில் செருகினால் ஊசி தானே தைத்துவிடும். அதே அடுக்குமாடிக் கட்டடத்தில் இந்தத் தொழில் செய்கிற பெண்கள் பதினோரு பேர். அவர்களுக்கு அக்காதான் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவளே உட்கார்ந்துகொண்டாள்.

டிசைனைக் காசு கொடுத்து வாங்குவது இந்தப் பதினோரு பேருக்கும் கௌரவக் குறைச்சல். இலவசமாகக் கிடைப்பதை ஆளுக்கொன்றாக இறக்கி, ஒரே ஒரு சிவப்புப் பென் டிரைவில் சேர்ப்பார்கள். அது மாடி மாடியாகச் சுற்றும். வருகிற வீட்டில் தன்னிடம் இருப்பதைப் போட்டு, வேண்டியதை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பல் துலக்கும் பிரஷை இப்படிக் கைமாற்றுவீர்களா என்று ஒரு நாள் கேட்டேன். "அசிங்கமா பேசாதே" என்று விரட்டிவிட்டாள்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். பத்து வீட்டுக்குப் போனால் ஆறு வீட்டில் வைரஸ் இருக்கும். அந்த ஆறில் நான்கு போன வருடமும் என்னைக் கூப்பிட்ட வீடுகள். எல்லா வீட்டிலும் முதல் வசனம் ஒன்றுதான்: "நான் ஒண்ணுமே பண்ணலைங்க, அதுவா வந்துச்சு." அதுவாக வருவதற்கு அது என்ன, மழையா? அப்டேட் கேட்டால் "அப்புறம்" என்று அழுத்துவார்கள், இரண்டு வருடமாக. இலவசம் என்று எழுதியிருந்தால் என்ன ஏது என்று பார்க்க மாட்டார்கள். தெரிந்தவர் அனுப்பினார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு திறப்பார்கள். தடுக்க வைத்திருக்கும் ஆன்டிவைரஸ் ஏதாவது சொன்னால், அதன் வாயைத்தான் முதலில் அடைப்பார்கள். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமே கிடையாது. ஒரு பேராசிரியர் வீட்டுக்கு இந்த வருடம் மட்டும் மூன்று தடவை போய்விட்டேன்.

போன மாதம் கட்டடம் முழுக்க ஒரே கூத்து. பென் டிரைவைத் திறந்தால் டிசைன் எதுவும் இல்லை. எல்லா ஃபோல்டரும் வெறும் ஷார்ட்கட்டாக மாறிக் கிடந்தது. மிஷின்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஊசிகள் நின்றுவிட்டன. அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கட்டடமே சேர்ந்து ஆளைத் தேட ஆரம்பித்தது.

ஆளும் சுலபமாகக் கிடைத்துவிட்டாள். மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்து, குழுவில் சேர்ந்து ஐந்து வாரம்கூட ஆகாத ஒரு சின்னப் பெண். மூணாம்மாடி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். வைரஸ் என்ற வார்த்தையை முதலில் சொன்னவளும் அவள்தான். பென் டிரைவ் முதல் தடவை அவள் வீட்டுக்குப் போன அன்றே மாடிப்படியில் அக்காவை நிறுத்தி, "அக்கா, இதுல வைரஸ் இருக்குன்னு என் கம்ப்யூட்டர் காட்டுது, ஒரு தடவை பாருங்களேன்" என்றிருக்கிறாள். அக்கா அப்போது காதில் வாங்கவில்லை. இப்போது, "வந்த அன்னைக்கே வைரஸ் வைரஸ்னா! அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்று கை தட்டிக் கேட்டாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

விளையாட்டு இத்தோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் முதல் ஆர்டர் கிடைத்திருந்தது: ஒரு பேக்கரிக்கு நாற்பது ஏப்ரன். அக்கா சொல்லித்தான் பேக்கரிக்காரர் கொடுத்தார். அக்கா சொன்னால் திருப்பி வாங்கிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடி அவளைக் குழுவிலிருந்து நீக்குவது, ஆர்டரை இரண்டாம் மாடியில் காலர் தைக்கிற அம்மாவுக்கு மாற்றுவது என்று முடிவாகியிருந்தது. வீட்டுக்காரருக்கு வேலை போய், மிஷினையே தவணையில் வாங்கியிருந்தவள் அவள்.

சனிக்கிழமை மதியம் அக்காவின் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். ஆன்டிவைரஸை யாரோ அணைத்திருந்தார்கள்.

"இதை யாரு ஆஃப் பண்ணது?"

"அது சும்மா கத்திக்கிட்டே இருந்துச்சு. வேலை செய்ய விடலை."

"எப்போ கத்துச்சு?"

"ரோஜாக்கொத்து டிசைன் ஒண்ணு ஃப்ரீயா போட்டிருந்தான். இறக்கிக் கிளிக் பண்ணேன். திறக்கலை. மறுபடியும் பண்ணேன். ஒரு அஞ்சு தடவை பண்ணிருப்பேன், ரோஜாவே வரலை."

ரோஜா எப்படி வரும்? அது டிசைனே இல்லை, படம் போட்டு மூடிய புரோகிராம். ஃபைலின் தேதியைப் பார்த்தேன். மூணாம்மாடி இந்தக் கட்டடத்துக்குக் குடிவருவதற்குப் பதினாறு நாள் முந்தியது. திரையை அக்கா பக்கம் திருப்பினேன்.

வெகுநேரம் பார்த்தாள். "உன் கம்ப்யூட்டர்ல தேதி தப்பா இருக்கும்" என்றாள்.

"உன் கம்ப்யூட்டர்க்கா இது!"

"சரி, வெளியில சொல்லித் தொலைக்காதே. பத்துப் பேர் முன்னாடி என் மானம் போயிடும்."

எனக்கு வந்ததே கோபம்! "உன் மானம் உசத்தி, அவ பிழைப்பு மட்டும் கிள்ளுக்கீரையா? ரோஜாவுக்கு ஆசைப்பட்டது நீ, தண்டனை அவளுக்கா? உன்னை அக்கான்னு சொல்லவே வெக்கமா இருக்கு" என்று கத்திவிட்டு, காபிகூடக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அவளை அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போய் வருத்தப்பட்டேன். ஆனாலும் போன் செய்யவில்லை.

ஞாயிறு காலை, பதினோரு கம்ப்யூட்டரையும் சுத்தம் செய்யும் வேலை இருந்ததால் போக வேண்டியதாயிற்று. அக்காவின் முன்னறையில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மூணாம்மாடி உட்காரவில்லை. நாற்பது ஏப்ரன் துணியையும் கட்டாகக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"ஆர்டரை அவங்களுக்கே குடுத்துடுங்க அக்கா. நான் எதையும் கொண்டு வரலை. அதை மட்டும் நம்புங்க, போதும்."

காலர் அம்மா துணிக்கட்டை இழுக்கக் கை நீட்டினாள். அந்தக் கையின்மேல் பட்டென்று ஒன்று போட்டாள் அக்கா.

"வைடீ! நான்தான் கொண்டு வந்தேன். ஓசி ரோஜாவுக்கு ஆசைப்பட்டு அஞ்சு தடவை கிளிக் பண்ணேன். கத்தின ஆன்டிவைரஸை அணைச்சவளும் நான்தான். தம்பி தேதியோட கண்டுபிடிச்சுட்டான்."

காலர் அம்மா தொண்டையைச் செருமினாள். "நானும் ஆறு மாசமா அணைச்சுத்தான் வெச்சிருக்கேன்" என்றாள். நாலாம் மாடி, தன் பையன் ஏதோ விளையாட்டு இறக்கினான் என்று பையன்மேல் போட்டாள். இன்னொருத்தி, பரிசு விழுந்ததாக வந்த மெயிலைத் திறந்தாளாம். வாங்காத சீட்டுக்கு எப்படிப் பரிசு விழும் என்று பக்கத்தில் இருந்தவளே கேட்டுவிட்டாள். ஆளாளுக்குக் கக்க ஆரம்பித்துவிட்டார்கள், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்று பதினோரு கம்ப்யூட்டரையும் சோதித்தேன். பத்தில் வைரஸ், சிலதில் இரண்டு மூன்று குடித்தனம். சுத்தமாக இருந்தது மூணாம்மாடியுடையது மட்டும்தான். அவள் ஆன்டிவைரஸை அணைக்கவில்லை, அது சொன்னதைக் கேட்டு அந்தப் பென் டிரைவையும் திறக்கவில்லை.

அதை நான் சொன்னதும் அந்தப் பெண் அழுகையோடு கோபமும் சேர்ந்து கேட்டாள்: "நான்தான் அன்னைக்கே சொன்னேனே அக்கா. ஏன் கேக்கலை?"

அக்கா எப்போதும் போல யார் மேலாவது பழி போடுவாள் என்று நினைத்தேன். துணிக்கட்டை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் வைத்தாள்.

"எங்க யார் கம்ப்யூட்டரும் ஒண்ணும் சொல்லலைம்மா, அதுங்க வாயைத்தான் நாங்களே அடைச்சு வெச்சிருந்தோமே. உன்னுது மட்டும்தான் சொல்லுச்சு. அதனால உன்னுதுலதான் கோளாறுன்னு முடிவு பண்ணிட்டோம்" என்றாள். "தப்பு என்னுது."