சித்ரா பௌர்ணமியன்று எங்கள் வீட்டுக் கிணறு

கல்லூரியில் பொருளியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதன்பின் எங்கள் திருச்சபையின் செயலாளர். எவர் வாசலிலும் எதையும் கேட்டு நான் நின்றதில்லை என்பதை இந்த ஊரில் என்னை அறிந்தவர்கள் சொல்வார்கள். மகளின் திருமணத்தையும் அதே நிமிர்வோடு நடத்தவே எண்ணியிருந்தேன்.

வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. விருந்துப் பந்தல் வீட்டின் பின்புறம். நாங்கள் பஞ்சாங்கம் பார்க்காத குடும்பம். ஆகவே திருமணத்தைச் சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள் குறித்துவிட்டோம் என்பதே, பத்திரிகை அச்சாகி வந்தபின் பால்காரர் சொல்லித்தான் தெரிந்தது. "அன்னிக்கு ஊர்ல ஒரு தண்ணி லாரிகூட கெடைக்காது சார். எல்லாம் கூட்டத்துக்கே போயிடும்" என்றார் அவர். கோடையில் பாதியாக இறங்கியிருந்த கிணற்றைச் சமையலுக்கென்றே காத்தேன். வீட்டில் துணி துவைப்பதைக்கூட நிறுத்தச் சொன்னேன்.

பௌர்ணமியன்று முற்பகலிலேயே தார்ச்சாலை கொதித்தது. வெறுங்காலுடன் நடந்துவந்த ஒருத்தி எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு, இடுப்பிலிருந்த குழந்தைக்குத் தண்ணீர் கேட்டாள். என் மனைவி செம்பில் கொண்டுபோய்க் கொடுத்தாள். பின்னால் வந்தவர்களுக்குக் குடத்தில் கொடுத்தாள். அதுவும் போதாமல் மோட்டாரைப் போட்டு, தோட்டத்துக் குழாயையே வாசலுக்கு இழுத்துவிட்டாள். காலில் ஊற்றச் சொன்னவர்களுக்குக் காலிலும் ஊற்றினாள்.

"நாளைக்கு வேலூர்லேர்ந்து சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. அவங்களுக்கு எதுல சோறாக்குவ?" என்றேன்.

"நாளைக்கு வர்றவங்களுக்கு இன்னிக்கே தாகம் எடுக்காதுங்க. இவங்க இப்ப நிக்கிறாங்க."

"கிணறு வத்திடும்."

"வத்தும். எனக்கும் தெரியும். குடுக்கச் சொன்னவர் கர்த்தர். நமக்கு வேணும்ங்கறதும் அவருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, குழாயை அடுத்தவர் கைக்குத் திருப்பினாள்.

நாலு மணிக்கு மோட்டார் காற்றை இழுத்தது. எட்டிப் பார்த்தேன். சேறு. சமையல்காரர் அரிசி மூட்டையைப் பிரிக்காமல் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். "சார், உப்பு கம்மின்னா சமாளிப்பேன். தண்ணியே இல்லன்னா இன்னா பண்றது?" என்றார். சம்பந்தி வீட்டார் முன் என் பெயர் என்னாகும் என்பதே அப்போது என் நினைவாக இருந்தது. மனைவி ஈரச் சேலையோடு சமையலறையில் முழங்காலில் நின்று ஜெபித்தாள். எழுந்து வந்து, காய்ந்த அண்டாக்களைத் துடைத்து வரிசையாக வைத்தாள்.

இருட்டுவதற்குள், பின்புற வயல் வழியாக ஒரு டிராக்டர் தண்ணீர்த் தொட்டியை இழுத்து வந்தது. ஓட்டி வந்தவர் எங்களுக்கு நாலு வீடு தள்ளி நிலக்கடலை பயிரிடுபவர். "அக்கா ஊத்துன ஊத்தப் பாத்தேன். இன்னிக்கு இவங்க வீட்ல கழுவக்கூடத் தண்ணி இருக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு. கடலைக்கு அப்புறம் பாச்சிக்கறேன்" என்றார். நான் பணம் எடுத்தேன். "கல்யாணத்துக்குக் கூப்ட்டுட்டு தண்ணிக்கு பில்லு கட்டுவீங்களா சார்? பந்தில நல்லா போடச் சொல்லுங்க" என்று சிரித்தார். வாழ்நாளில் முதன்முறையாக, விலை கொடுக்காமல் ஒன்றைப் பெற்றுக்கொண்டு நின்றேன்.

மனைவி இன்று இல்லை. ஒவ்வொரு சித்ரா பௌர்ணமிக்கும் கேட்டை நானே திறக்கிறேன். இந்த ஆண்டு மகள் போனில், "மழையே இல்லப்பா, உங்களுக்குன்னு கொஞ்சம் வச்சுக்கோங்க" என்றாள். போனை வைத்துவிட்டு மோட்டாரைப் போட்டேன்.

அன்று எங்கள் கிணறு இறைக்க இறைக்க ஊறிக்கொண்டே இருந்தது என்று சபையில் இப்போதும் சாட்சி சொல்கிறார்கள். எட்டிப் பார்த்தவன் நான். கிணறு வற்றியது. தண்ணீர் டிராக்டரில் வந்தது.