கல் நடாத கபர்

கீழக்கரையில் பேருந்துக்காகக் காத்திருக்கிறேன். அருகே முஸ்லிம்களின் அடக்கத்தலமான மையவாடி. மதில் இடுப்பளவே உயரமிருப்பதால் உள்ளே எல்லாம் தெரிகிறது. கபர்களின் தலைமாட்டில் பெயர் பொறித்து நட்டிருக்கும் மீசான் கற்களுக்கிடையே ஒருவர் மணலைக் குனிந்து பார்த்தபடி நடக்கிறார்.

"எதையாவது தவறவிட்டீங்களா?" என்று கேட்கிறேன்.

"எங்க வாப்பாவைத் தேடுறேண்ணே."

சவூதியில் இருபதாண்டுகளாக வேலை பார்ப்பவர். இன்று காலைதான் வந்திறங்கியிருக்கிறார். தந்தை காலமானபோது விடுப்புக் கிடைக்கவில்லை. அங்கே பெயர்க்கல் வைப்பதில்லை, அதுவே சரியான முறை என்று சொல்லி, கல் நட முனைந்த தம்பியைத் தொலைபேசியில் தடுத்தவரும் இவரே.

பக்கத்தில் நிற்கும் அந்தத் தம்பி முகங்கொடுக்காமல் பேசுகிறார்: "அடுத்த வாரமே பக்கத்துல இன்னொருத்தரோட மையத்தை அடக்குனாங்க காக்கா. மழையில ரெண்டு மேடும் பாதி கரைஞ்சு அடையாளம் தெரியாமப் போச்சு. இந்த ரெண்டுல ஒண்ணுதான். நான்தான் அன்னைக்கே தலபாடா அடிச்சுக்கிட்டேனே!"

அண்ணன் குந்தி மணலைத் தடவிப் பார்க்கிறார்.

"இப்பவாவது ஒரு கல்லை நடலாமே," என்கிறேன்.

"இங்கன நிக்கையில நட்டுரணும்னுதான் தோணுதுண்ணே. அங்கன போயி எறங்குனா, வாப்பாவுக்குத் தப்பைச் செஞ்சுட்டோமேன்னு உறக்கம் வராது. நடுறதுன்னாலும் எதுல நட?"

பேருந்து வந்து நிற்கிறது. படியில் கால் வைத்துத் திரும்பிப் பார்க்கிறேன். அண்ணன் இரண்டு மேடுகளுக்கும் நடுவே நின்று, வலப்பக்கத்து மேட்டைப் பார்த்து, "அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா" என்கிறார். பிறகு இடப்பக்கம் திரும்பி, அதையே மறுபடியும் சொல்கிறார்.