கீப்பர் என்றால் காவல்

எங்கள் தெருவைப் பெருக்கும் அம்மா தன் மகனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "பத்து வரைக்கும் படிச்சிருக்கான்" என்பார். இந்த 'வரைக்கும்' எதற்கு என்று ஸ்ரீரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தேறியவன் 'பத்து பாஸ்'. தேறாதவன் 'பத்து வரைக்கும்'. கல்யாணப் பேச்சிலும் கடைக்கு ஆள் எடுக்கும்போதும் இந்த ஒரு சொல்லோடு விஷயம் முடிந்துவிடும். மேற்கொண்டு கேட்பது மரியாதை இல்லை என்பதால் யாரும் கேட்பதில்லை.

பட்டாளத்தில் கேட்பார்கள்.

நான் பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த அம்மாவை எனக்குச் சரியாகத் தெரியும். வேலையில் இருந்தவரை, இரவுப் பணி முடித்து வந்து படுத்து நான் கண் விழிப்பதற்குள் அவர் எங்கள் தெருவை முடித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். ஒப்பந்தத் தொழிலாளி. பச்சை மேல்சட்டை, பேட்டரி வண்டி, நீளக் கம்பில் கட்டிய ஈர்க்குச்சித் துடைப்பம். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் கலைந்த பிறகு வீதியில் கிடக்கும் தொன்னைகள், காகிதக் கப்புகள், ஒற்றைச் செருப்புகள் எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும். கணவர் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே மகன்.

மகனுக்கு இருபது வயது. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஓட்டல் ஒன்றிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலங்களை பைக்கில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. காலையில் அம்மாவுக்கு டிபன் கொண்டுவருவான். ஆனால் தெருவுக்குள் வரமாட்டான். முனையில் இஸ்திரி வண்டிக்கு அருகில் நின்றுகொள்வான். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைக் கழுவி, மேல்சட்டையைக் கழற்றி மடித்து வண்டியில் வைத்துவிட்டுத்தான் அவனிடம் போவார். அந்தச் சட்டையோடு அவன் முன்னால் அவர் நின்று நான் பார்த்ததில்லை.

"வீட்லயும் அப்படித்தான் சார்" என்றார் இஸ்திரிக்காரர். "கூட்டறேன்னு அவன் தொடப்பத்த எடுத்தாக்கூட புடுங்கி வெச்சுடும். அவன் கை அதுல படக் கூடாதாம்."

இஸ்திரிக்காரரின் மகன் இவனுக்கு ஒரு வகுப்பு மேல். கொரோனாவின்போது பரீட்சையே நடத்தாமல் பத்தாம் வகுப்பில் எல்லோரையும் தேர்ச்சி என்று அறிவித்தார்களே, அந்த வகுப்பில் இருந்தவன். இவன் அதற்கு அடுத்த ஆண்டு. பள்ளிக்கூடம் பாதி நாள் மூடிக் கிடந்தது. பரீட்சை மட்டும் ஒழுங்காக வந்தது. கணக்கில் போய்விட்டது. துணைத் தேர்வு எழுதினான். மறுபடியும் கணக்கு.

"ஒரு வருஷம் முன்னாடி பெத்திருந்தா பாஸ் ஆயிருப்பான்ல?" என்று இஸ்திரிக்காரர் அந்த அம்மாவைச் சீண்டுவார்.

"ஊருக்கே வியாதி வரப்போவுதுன்னு நீங்க முன்கூட்டியே சொல்லியிருக்கணும்ண்ணே" என்பார் அவர். அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்கமாட்டார்.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு மாசி மாதக் காலையில், கேட்டைத் திறந்து வெளியே வந்த என்னை அந்த அம்மா நிறுத்தினார்.

"சார், பையன் பட்டாளத்துக்கு எழுதிப் போடறான். எட்டாவது பாஸ் போதும்னு ஒரு வேலை இருக்காம்."

எட்டாவதில் சிக்கல் எதுவும் இல்லை. அதுவரை நம் ஊரில் யாரையும் நிறுத்திவைப்பதில்லை.

"என்ன வேலைங்க?"

"ஹவுஸ் கீப்பர்." பலமுறை சொல்லிப் பார்த்திருக்க வேண்டும், திருத்தமாக வந்தது. "கீப்பர்னா காவல்தானுங்களே? எங்க சித்தப்பா ஜீயபுரம் பக்கம் ரயில்வேல கேட் கீப்பரா இருந்தாரு. அவரு கொடி காட்டுனாத்தான் ரயிலே போவும். காக்கி உடுப்பு, விசிலு, தனியா ஒரு ரூம்பு. இது ஆபீசருங்க வீட்டுக்குப் போலருக்கு."

திருச்சி ரயில்வே ஊர். கேட் கீப்பரைத் தெரியாத குடும்பம் இங்கே குறைவு. கேட்டைக் காப்பவர் கேட் கீப்பர், கோலைக் காப்பவர் கோல் கீப்பர் என்றால், வீட்டைக் காப்பவரை வேறு எப்படிச் சொல்வார்கள்? ஆள்சேர்ப்பு அறிவிப்புகள் பத்திரிகையில் வரும்போதும் 'ஹவுஸ் கீப்பர், மெஸ் கீப்பர்: எட்டாம் வகுப்புத் தேர்ச்சி' என்று தமிழ் எழுத்தில் அப்படியேதான் அச்சாகும். மெஸ் கீப்பர் சாப்பாட்டுக்கூடத்தைக் கவனிப்பவர். ஹவுஸ் கீப்பர் என்பவர் பெருக்கித் துடைத்து, கழிவறை வரை சுத்தம் செய்பவர்.

"விவரம் கேட்டுட்டுச் சொல்றேம்மா" என்றேன். மகனுக்கு என்ன தெரியும் என்பதை முதலில் அவனிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

மறுநாள் கொள்ளிடத்துக்குப் போனேன். நான் வழக்கமாக நடக்கும் இடம்தான். தண்ணீர் இல்லாத மாதங்களில் அந்த மணலில் பட்டாளத்துக்கும் போலீசுக்கும் போக நினைக்கும் பையன்கள் ஓடுவார்கள். திருவெள்ளறையைச் சேர்ந்த முன்னாள் ராணுவத்தார் ஒருவர் ஸ்டாப் வாட்ச்சோடு நின்று விரட்டுவார். காசு வாங்குவதில்லை. வசவுக்கு மட்டும் குறைவிருக்காது.

"என்னடா இது, பெருமாள் புறப்பாடா? அசைஞ்சு அசைஞ்சு வரீங்க! பின்னாடி குடை பிடிக்க ஆள் அனுப்பட்டுமா?"

அந்தக் கூட்டத்தில் அவன் முதலாவதாக வந்தான். இரண்டாவதாக வந்தவனுக்கும் அவனுக்கும் நடுவே நிறைய மணல் இருந்தது. மூச்சு அடங்கட்டும் என்று காத்திருந்து கேட்டேன்.

"தெரியும் சார்" என்றான். "டாய்லெட் கழுவறதுலேர்ந்து எல்லாம்தான். யூடியூப்ல பாத்துட்டேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க."

"கணக்கை இன்னொரு தடவை எழுதிப் பாஸ் பண்ணிட்டுப் போகலாமே?"

"இப்ப அப்ளை பண்றது அடுத்த மாசம் முடிஞ்சுடும் சார். துணைத் தேர்வு ஜூலைலதான். அடுத்த தடவை கூப்பிடறப்ப எனக்கு வயசு தாண்டிடும்." கையால் மணலைத் தட்டிவிட்டான். "பாஸ் பண்ணாலும் சோல்ஜர் வேலைக்கு மொத்தத்துல நாப்பத்தஞ்சு பர்சென்ட் கேக்கறாங்க. எனக்கு மத்த பாடமே முக்கி முக்கித்தான் வந்துச்சு."

"பட்டாளமே வேணும்னு ஏன்ப்பா?"

"ஓடறது ஒண்ணுதான் சார் எனக்கு வருது. வேற எங்க சார் ஓடத் தெரிஞ்சவனுக்கு வேலை தராங்க?"

விவரம் சொல்கிறேன் என்ற நான் சொல்லாததாலோ என்னவோ, அந்த வாரமே ஒரு காலை நான் நடந்துகொண்டிருந்தபோது அவன் அம்மா கொள்ளிடக்கரைக்கு வந்துவிட்டார். நல்ல சேலை கட்டியிருந்தார். கையில் மணப்பாறை முறுக்குப் பொட்டலம். பையன்கள் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். முன்னாள் ராணுவத்தாரிடம் பொட்டலத்தை நீட்டி, "எம் புள்ளய ஆளாக்கிவிடறீங்க, உங்களுக்கு நான் என்ன செய்யப் போறேன்" என்றார். அவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார்.

"அந்த வேலைன்னு மனசுல ஒண்ணும் வெச்சுக்காதம்மா. க்ளீனிங்கா இருந்தாலும் பட்டாளத்து க்ளீனிங். அதுக்கு ஒரு மரியாதை உண்டு."

"க்ளீனிங்கா?" என்றார் அந்த அம்மா.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மணலில் ஓடிக்கொண்டிருந்த மகனைப் பார்த்தார். ராணுவத்தாருக்குத் தன் வாயிலிருந்து என்ன வந்துவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. வேகமாகப் பேசினார்.

"முதல்ல எல்லாருக்கும் ஒரே ட்ரெயினிங்மா. ஒரே உடுப்பு, ஒரே சாப்பாடு, ஒரே துப்பாக்கி. எட்டாவது படிச்சவன், பத்தாவது படிச்சவன்னு குண்டு பாத்து வராது. மத்த வேலையெல்லாம் அதுக்கப்புறம்தான்."

"துப்பாக்கி எத்தன மாசங்க?"

"ஆறேழு மாசம் இருக்கும்."

"தொடப்பம்?"

அவர் ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்தார். அது நின்றிருந்தது. "மொத்தம் நாலு வருஷம்மா" என்றார்.

அந்த அம்மா வந்த வழியே திரும்பிப் போனார். ஓட்டம் முடிந்து வந்த மகனிடம் ராணுவத்தார் நடந்ததைச் சொன்னார். யாரும் சொல்லாமலே அவன் இன்னொரு சுற்று ஓடப் போனான்.

அடுத்த சில நாட்கள் தெரு எப்போதும்போல் சுத்தமாகவே இருந்தது. டிபன் பாக்ஸ் மட்டும் இஸ்திரி வண்டியில் உட்கார்ந்திருந்தது. மகன் வைத்துவிட்டுப் போவான். அவன் போன பிறகு இவர் போய் எடுத்துக்கொள்வார். இரண்டு பேருக்கும் நடுவில் நிற்க வேண்டியிருந்த இஸ்திரிக்காரருக்குத்தான் சங்கடம். "வீட்லயும் பேச்சு இல்லையாம் சார். டப்பா வழியாத்தான் போக்குவரத்து" என்றார்.

பிறகு ஒரு நாள் அந்த அம்மா என்னிடம் வந்தார். நான் முன்பு மழுப்பியதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"பத்து பாஸ் பண்ணியிருந்தா தொடப்பம் கெடையாதா சார்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பத்து தேறியிருந்தால் சமையல், துணி துவைப்பது, முடி வெட்டுவது போன்ற வேலைகள் உண்டு. அதில் மதிப்பெண்ணும் போதுமான அளவு இருந்தால் சிப்பாய். எட்டாவதுக்கு இந்த இரண்டு கீப்பர் வேலைகள் மட்டும்.

"ஒரு கணக்குப் பாடத்துக்கா இவ்வளவும்?"

"கணக்கும் வயசும்மா."

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "எட்டாவதுக்கு இந்த வேலைதான்னு எழுதி வெச்சிருக்காங்கன்னா, எட்டாவதோட நிக்கறவங்க எந்த வீட்டுப் புள்ளைங்கன்னு தெரிஞ்சுதானே சார் எழுதியிருப்பாங்க?"

யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், எந்தச் சாதி என்ற பேச்சே அதில் இல்லை என்றேன். விதி அதுதான். நான் சொன்னதில் தவறு இல்லை. அவர் தலையாட்டினார், நான் பேசி முடிக்கட்டும் என்று காத்திருப்பவரைப் போல.

விண்ணப்பம் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தபோது அவன் தெருவுக்குள் வந்தான். கொள்ளிடத்திலிருந்து நேராக, ஓடிய உடுப்போடு, காலில் மணலோடு வந்தான். அம்மாவிடம் போய்த் துடைப்பத்துக்குக் கையை நீட்டினான்.

"போடா அந்தாண்ட" என்றார் அவர்.

"குடும்மா."

"எதுக்கு?"

"அங்க போய்ப் பண்ணத்தானே போறேன்? உன் கண்ணு முன்னாடி ஒரு தடவ பண்ணிடறேன். அப்புறம் அங்க எவன் பாத்தாலும் எனக்குக் கூச்சம் இருக்காது."

அவர் கொடுக்கவில்லை, பிடியை விட்டார், அவ்வளவுதான். அவன் எங்கள் வீட்டு வாசலில் தொடங்கி முனையை நோக்கிப் பெருக்கிக்கொண்டு போனான். பழக்கமில்லாத கை. குப்பையை விடப் புழுதி அதிகம் கிளம்பியது.

"டேய், டேய், எல்லாம் அயர்ன் பண்ண வேட்டிக்கு வருதுடா! எதிரியவா விரட்டற?" என்று இஸ்திரிக்காரர் கத்தினார். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். கையிலிருந்த துணியைத் தேவையில்லாமல் மறுபடி மடித்தார்.

அந்த அம்மா வண்டியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு தடவைதான் பேசினார். "அழுத்தாத. குச்சி ஒடஞ்சுடும்."

அன்று அவர் மேல்சட்டையைக் கழற்றவில்லை. அதோடு இஸ்திரி வண்டி வரை நடந்துபோய், அவன் பக்கத்தில் நின்று டிபனைச் சாப்பிட்டார்.

அவன் விண்ணப்பித்தான். எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் மருத்துவப் பரிசோதனையிலும் தேறினான். ஓட்டத்தில் தன் குழுவில் முதலாவதாக வந்தான் என்று ராணுவத்தார் சொன்னார். ஆனால் அந்த வேலைக்குத் தேறினால் போதும், முதலாவதாக வர வேண்டியதில்லை என்றும் அவரே சொன்னார். கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டிருந்த நாட்களில் அவனுக்கு உத்தரவு வந்தது. திருச்சி ஜங்ஷனில் வழியனுப்பிவிட்டு வந்த மறுநாள் காலையும் தெரு வழக்கமான நேரத்துக்குப் பெருக்கப்பட்டிருந்தது.

பெங்களூரில் பெண் வீட்டில் பல மாதங்கள் இருந்துவிட்டு, எங்கள் மாடியில் குடியிருக்கும் மாமி திரும்பி வந்தார். ஒரு காலை கோவிலுக்குப் புறப்பட்டவர் வாசலில் அந்த அம்மாவைப் பார்த்து நின்றார். நான் செய்தித்தாளை எடுக்க வெளியே வந்திருந்தேன்.

"என்னடிம்மா, உன் பிள்ளையாண்டான் கண்ணுலயே படலையே?"

"பட்டாளத்துல இருக்கான் மாமி."

"அடடே! பத்தாவது பாஸ் பண்ணிட்டானா?"

"பத்து வரைக்கும் படிச்சிருக்கான்."

மாமி அந்தச் சொல்லைக் கவனித்தார். மரியாதை பார்க்காமல் மேலே கேட்டார். "அப்போ என்ன உத்தியோகம் குடுத்திருக்கா?"

"கீப்பருங்க. ஆபீசருங்க வீடெல்லாம் இவன் பொறுப்புதான்." குரல் திருத்தமாக இருந்தது, முதன்முதலில் என்னிடம் சொன்னதைப் போலவே. பிறகு என் பக்கம் திரும்பினார். "சாருக்குத் தெரியும். சார் பேப்பர்ல இருந்தவங்க. கேளுங்க."

இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றார்.

"ஆமாம்" என்றேன். "கீப்பர்தான். அறிவிப்பிலயே அப்படித்தான் போட்டிருந்தது."

"எல்லாம் பெருமாள் அனுக்ரஹம். க்ஷேமமா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மாமி கோவில் பக்கம் நடந்தார். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் சாய்த்திருந்த துடைப்பத்தை எடுத்து, விட்ட இடத்திலிருந்து பெருக்கத் தொடங்கினார். முனையில் இஸ்திரிப் பெட்டி ஈரத் துணியில் இறங்கும் சத்தம் கேட்டது.