கௌரவத் தலைவர் லியாவ்

தேநீர்ச் சாடியின் மூடியைத் திருகி, மேலே மிதக்கும் இலைகளை ஊதி ஒதுக்கி, ஒரு வாய் உறிஞ்சிய பிறகுதான் லியாவ் போனை எடுப்பார்.

"ஹூ தானே? நான்தான்டா, லியாவ். ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன். ரூவான் பள்ளிக்கூடத்துல இருக்கேன். குளிரு பாரு, பிள்ளைங்க விரலெல்லாம் விறைச்சுக் கிடக்கு. சரி, வச்சிடறேன்."

மறுநாள் காலை மிளகாய் விழுது ஆலை முதலாளி ஹூவின் வண்டியில் ஹீட்டர்கள் வந்து இறங்கிவிடும். வாழ்நாளில் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை என்று லியாவ் சத்தியம் செய்வார். யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை.

மக்கள் நலத் துறையில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு வாய்த்த தொழில், கௌரவத் தலைவர். சதுரங்கச் சங்கத்துக்கு, பாடும் பறவை வளர்ப்போர் சங்கத்துக்கு, கடைசியாக ரூவான் சூமேய் நடத்தும் காது கேளாத பிள்ளைகள் பள்ளிக்கு. வாசல் பலகையில் அவர் பெயரும் ஜன்னலோர நாற்காலியில் அவர் உடம்பும் இருந்தால் போதும். சோதனைக்கு வருகிறவர்கள் வாசலோடு சிரித்துவிட்டுப் போவார்கள். முதலாளிகளுக்கு இரக்கம் சுரக்கும்.

"ஆபீஸ்தான் இவருக்கு ரிட்டயர்மென்ட் கொடுத்துச்சு, இவரு இன்னும் ஆபீஸுக்குக் கொடுக்கல" என்பார் மனைவி. "அடுப்படிக்கு வந்தாக்கூட, 'பணி எந்தக் கட்டத்துல இருக்கு'ன்னுதான் கேக்கறாரு."

பிள்ளைகள் சைகையில் அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். மோவாயை உயர்த்தி, உதட்டைக் குவித்து ஊதினால் லியாவ். அதை வணக்கம் என்று நினைத்துக்கொண்டு அவரும் பதிலுக்கு ஊதுவார். வகுப்பே உருண்டு சிரிக்கும்.

இலையுதிர்காலத்தில் மேலிடத்து உத்தரவு வந்தது. ஓய்வு பெற்ற அதிகாரிகள் எந்தச் சங்கத்திலும் கௌரவப் பதவி வகிக்கக் கூடாது. "மேல சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று லியாவ் தானே ஸ்டூல் போட்டு ஏறித் தன் பெயரைக் கழற்றினார். நாற்காலிக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை. போனும் செய்து பார்த்தார். "முதலாளி மீட்டிங்ல இருக்காருங்க." போகப் போக, அவர் பெயரைச் சொல்லும் முன்பே மீட்டிங் தொடங்கிவிட்டது.

ரூவான் நேராக ஆலைக்கே போனார். ஹூ ஒளிக்காமல் சொன்னான்: "பிள்ளைங்க மேல எனக்கென்னக்கா கோபம்? மேல ஆள் இல்லாத இடத்துக்குப் பணம் கொடுத்தா, எதுக்குக் கொடுத்தேன்னு நாளைக்கு என்னையில்ல கேப்பாங்க?"

ஹூ ஆண்டுதோறும் தரும் பணம் இல்லையென்றால் புத்தாண்டுக்குப் பிறகு சின்னப் பிள்ளைகளின் பேச்சு வகுப்பை மூட வேண்டியதுதான். ஆசிரியைகளுக்குச் சம்பளம் கிடையாது. ரூவான் வந்து சொன்னபோது லியாவ் வெகுநேரம் ஊதிக்கொண்டே இருந்தார். சாடி காலியாக இருந்ததை ரூவான் சொல்லவில்லை.

பள்ளியின் ஆண்டு விருந்துக்கு ஹூ மரியாதைக்காக வந்திருந்தான். கதவைப் பார்த்த தலைமை இருக்கையில் நகர அலுவலகத்து இளைஞர் ஒருவர். லியாவுக்குச் சமையலறைப் பக்கம் இடம். ஒவ்வொரு மீன் தட்டும் அவர் காதை உரசிக்கொண்டு போனது.

"சாப்பிடுங்க டைரக்டர் ஐயா" என்றார் ரூவான்.

"டைரக்டராவது ஒண்ணாவது" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். தன் கோப்பையில் தானே மதுவை ஊற்றிக்கொண்டு, தளும்பாமல் நடந்து, ஹூவின் மேசைக்கு வந்தார். எத்தனையோ விருந்துகளில் மற்றவர்கள்தான் அவர் மேசைக்கு நடந்து வந்திருக்கிறார்கள்.

ஹூ பதறி எழுந்தான். "ஐயோ, நீங்க எதுக்கு ஐயா வந்துக்கிட்டு..."

"ஹூ முதலாளி" என்றார் லியாவ். "பிள்ளைங்க வகுப்பு மூடக் கூடாது. நான் கேக்கறேன்."

அந்த ஊரில் கோப்பையோடு கோப்பை இடிக்கும்போது சிறியவரின் விளிம்பு பெரியவரின் விளிம்புக்குக் கீழே இருக்க வேண்டும். ஹூவின் கை பழக்கத்தில் தானாகத் தாழ்ந்தது. லியாவ் அதைவிடத் தாழ்த்தினார். ஹூ இன்னும் தாழ்த்தினான். கிழவர் முழங்கால் நெட்டி முறிகிற சத்தத்தோடு குனிந்து, கோப்பையை மேசை விளிம்புக்கும் கீழே கொண்டுபோய், அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றார்.